ஆல்டோ மரினுச்சியின் அசல் ஹோகி

ஆல்டோ மரினுச்சி கேஸ் கம்பெனியில் மீட்டர் பார்ப்பவர். இத்தாலியர்கள் குடியிருக்கும் தெற்கு பிலடெல்பியாவில் மீட்டர் இருப்பது வீட்டின் நிலவறையில். மிளகு போட்டுக் கட்டி உலர்த்தும் சலாமி இறைச்சி தொங்குவதும் அதே நிலவறையில்தான். அந்த வேலை அவருக்கு வாய்த்ததா, அவர் அந்த வேலைக்கு வாய்த்தாரா என்று தெருவில் யாராலும் சொல்ல முடிந்ததில்லை. டார்ச் விளக்கை மீட்டர் பக்கம் திருப்பும் முன் உத்தரத்தின் பக்கம் திருப்புவார்.

"இதை யார் கட்டினது? மிளகு பத்தலையே."

கேஸ் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்டு நிற்கும் வீட்டுக்காரிக்கு மிளகைப் பற்றிய தீர்ப்புதான் முதலில் கிடைக்கும். மீட்டர்காரர் வரும் நாளென்றால் சில வீடுகளில் சலாமியைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். எடுத்துவிடுவார் என்ற பயமில்லை. பேசிவிடுவார் என்ற பயம்.

ஆனால் சலாமியெல்லாம் அவருக்குச் சில்லறை விவகாரம். அவருடைய வாழ்க்கையின் விவகாரம் ஹோகி. மற்றவர்களுக்கு ஹோகி என்றால், எள் தூவிய நீள ரொட்டியைப் பிளந்து, புரோவலோன் சீஸும் ஹாம் எனும் பன்றிக்கறியும் சலாமியும் சூடுகாட்டாமல் அப்படியே அடுக்கி, வெங்காயமும் தக்காளியும் வைத்து, எண்ணெயும் வினிகரும் தெளித்து மூடிய ஒரு மதியச் சாப்பாடு. ஆல்டோவுக்கு அது ஒரு காணாமல் போன சொந்தக்காரர். முப்பது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

காணாமல் போனது 1954இல், அவருடைய சொந்தக் கல்யாணத்தில்.

அந்தக் காலத்துக் கல்யாணம் எல்லாம் பந்துக் கல்யாணம். தீயணைப்பு நிலையத்துக்கு மேலே இருக்கும் ஹாலை எடுப்பார்கள். மேஜை மேல் காகிதத்தில் சுற்றிய ஹோகிகளை மலையாகக் குவிப்பார்கள். பரிமாறவெல்லாம் ஆள் கிடையாது. "டேய், ஒரு ஹாம் போடு!" என்று ஒருவன் கத்துவான், ஹாலின் மறுகோடியிலிருந்து ஹாம் பறந்து வரும். பிடித்தவன் தின்பான். பிடிக்காதவனுக்கு நெற்றியில் எண்ணெய்.

காலையிலிருந்து பட்டினியாக மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு வந்த மாப்பிள்ளை ஆல்டோவை நோக்கியும் ஒன்று பறந்து வந்தது. நெஞ்சில் மோதி மடியில் விழுந்தது. கொஞ்சம் சப்பையாகிவிட்டது. பிரித்துக் கடித்தார். அதற்குப் பிறகு அன்றைக்கு நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. புது மனைவி லொரெட்டா காதில் ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று இன்று வரை அவருக்குத் தெரியாது. சொன்னவளும் மறுபடி சொல்லவில்லை.

அந்த ஹோகிகள் ஸ்கால்ஸோ என்பவரின் கடையிலிருந்து வந்தவை. ஆல்டோ தேனிலவு முடிந்து ஸ்கால்ஸோ கடைக்கு ஓடினார். வாங்கினார், கடித்தார், முகம் சுளித்தார். "இது அது இல்ல," என்றார். "அதேதான்," என்றார் ஸ்கால்ஸோ. இப்படி வாரா வாரம் நடந்தது. இரண்டு வருடத்தில் ஸ்கால்ஸோ மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஸ்கால்ஸோவின் மனைவி ஒரு வருடம் கறுப்பு உடுத்தினாள். ஆல்டோவின் துக்கம் மட்டும் கழியவே இல்லை.

"அன்னிக்கு உனக்குப் பசி. அவ்வளவுதான்," என்பாள் லொரெட்டா. "நானும் அதே ஹோகியத்தானே தின்னேன்? ரொட்டி, கறி, எண்ணெய். வானத்துலேர்ந்தா குதிச்சுது?"

"உன் நாக்கு அப்படி."

"ஆமா, இந்த நாக்கோடதான் முப்பது வருஷமா உனக்குச் சமைச்சுப் போடுறேன்."

ஆல்டோ ஊரில் ஒரு கடை விடவில்லை. சீஸை முதலில் ரொட்டியோடு ஒட்டி வைக்க வேண்டும், அப்போதுதான் எண்ணெய் ரொட்டியைச் சொதசொதப்பாக்காது என்று, அதையே இருபது வருடமாகச் செய்துகொண்டிருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். கண்ணெதிரே அறுக்க வேண்டும், கண்ணெதிரே அடுக்க வேண்டும், அந்த நிமிடமே நின்றபடி கடிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். கடைக்காரர் பழக்கதோஷத்தில் காகிதத்தை உருவினால் கையைப் பிடித்துக்கொள்வார்.

"திங்கிற பொருளுக்கு எதுக்குய்யா கோடித்துணி? செத்தா போச்சு?"

பிறகு கடிப்பார். மெல்லுவார். கடையில் வரிசையில் நிற்பவர்களெல்லாம் மூச்சைப் பிடித்திருக்க, தலையை இடமும் வலமும் ஆட்டுவார். கடைக்காரரின் தோளைத் தட்டி, "முயற்சி பண்ணியிருக்க," என்பார். இதற்குப் பதில் அறைந்திருக்கலாம் என்று பலர் சொன்னதுண்டு. ஒன்பதாம் தெருச் சந்தையில் அவர் தலை தெரிந்தால் இரண்டு கடைகளில் 'மூடப்பட்டது' பலகை திரும்பும்.

ஒருமுறை சேமித்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு இத்தாலிக்கே போனார். அப்பா பிறந்த மலை ஊரில் ஒரு கடையில் ஏறி, ஹோகி என்றால் என்ன என்று கையைக் காலை ஆட்டி விளக்கினார். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரொட்டியில் ஒரு துண்டு ஹாம் வைத்துக் கொடுத்தார். "இத்தனையும் ஒரே ரொட்டியிலயா? அமெரிக்காவுல அவ்வளவு பஞ்சமா, தனித்தனியா தட்டு வாங்க முடியாதா?" என்று வருத்தப்பட்டாராம். ஆல்டோ திரும்பி வந்து தெருவுக்கு அறிவித்தார்: "இத்தாலிக்காரங்க எல்லாத்தையும் மறந்துட்டாங்க."

அவருடைய ஒரே மகள் ரெனாட்டா. பல் மருத்துவமனையில் உதவியாளர். எந்த வாயை எப்போது திறக்க வைப்பது, எப்போது மூட வைப்பது என்பதே அவள் தொழில். அப்பாவின் வாய் மட்டும் அவளுக்கு அடங்கியதில்லை. அவளுடைய புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, விருந்தன்று ஆல்டோ ஹோகித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரோடு தெருவில் சண்டை போட்டார். வெள்ளைக் கவுனும் முக்காடும் போட்ட ஏழு வயதுக் குழந்தை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதது. பட்டமளிப்பு விருந்தன்று பங்குச் சாமியார் வாயில் வைத்த ஹோகியைப் பற்றி, அவர் விழுங்குவதற்குள் ஆல்டோ கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். சாமியாருக்கே அன்றுதான் பிரசங்கம் கேட்பவனின் வேதனை புரிந்தது.

இப்போது அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வாரன் டால்பட், ஹார்ட்ஃபோர்டுக்காரன். ஹோகியைக் 'கிரைண்டர்' என்று அழைக்கும் ஊர். ஆல்டோ இதைக் கேள்விப்பட்டபோது, பையன் குடிகாரனா என்று கேட்கக்கூடத் தோன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணம் பந்துக் கல்யாணமாத்தான் நடக்கணும்," என்றார் பிறகு.

"கல்யாணம் உனக்கா, எனக்காப்பா?" என்றாள் ரெனாட்டா. "இப்ப யாரு அப்படி வெக்கிறா? எல்லாரும் ஹோட்டல்ல கோழி போடுறாங்க."

"கோழி நோயாளிக்குப் போடுறது."

ரெனாட்டா அம்மாவைப் பார்த்தாள். லொரெட்டா கூரையைப் பார்த்தாள். ரெனாட்டா விரலை நீட்டினாள்.

"சரி. பந்துக் கல்யாணமே வெச்சுக்கலாம். ஆனா ஹாலுக்குள்ள நுழைஞ்சதுலேர்ந்து வெளிய வர்ற வரைக்கும் ஹோகியப் பத்தி உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. திட்டவும் கூடாது, பாராட்டவும் கூடாது. வந்துச்சு, அப்பா பொண்ணு டான்ஸை நான் உம்பர்ட்டோ மாமாகூட ஆடிப்பேன். ஊரே பார்க்கட்டும்."

உம்பர்ட்டோ லொரெட்டாவின் தம்பி. மீன் கடை வைத்திருப்பவர். இரண்டு ஆள் உட்காரும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தும் இடம் போதாதவர். ஆல்டோவைச் சீண்டுவது ஒன்றே அவருக்குத் தெரிந்த உடற்பயிற்சி.

"நான் ஷூவுக்கு பாலிஷ் போட்டு வெக்கிறேன் மச்சான்," என்றார் அவர். "நீ ஒரு நாள் வாய மூடுறதா? மீனு நீந்தாம இருக்கச் சொல்லு, இருக்கும்."

அந்த டான்ஸுக்காக ஆல்டோ ஆறு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. வீட்டில் ஆடினால் லொரெட்டா சிரிப்பாள் என்று, மீட்டர் பார்க்கப் போகும் நிலவறைகளில், டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு, கரி மூட்டைக்கும் சலாமிக்கும் நடுவில் ஒன்று இரண்டு மூன்று என்று சுழன்றார். "மீட்டர்ல என்னய்யா தகராறு?" என்று மேலேயிருந்து குரல் வரும். "எல்லாம் சரியாத்தான் ஓடுது," என்பார் மூச்சு வாங்க.

அடுத்த சிக்கல், ஹோகிக்கு எங்கே போவது. முப்பது வருடம் ஒரு கடை விடாமல் அவமானப்படுத்திய மனிதரின் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்தக் கடைக்காரன் ஹோகி கட்டுவான்? ஒருவர் சிரித்தார். ஒருவர் போனை வைத்தார். கடைசியில் லொரெட்டா மட்டும் தனியாக ஃபுல்வியோ தெனாலியா கடைக்குப் போய் நின்றாள்.

"ரெனாட்டா முகத்துக்காகச் செய்றேன்," என்றார் ஃபுல்வியோ. "ஆனா கல்யாணம் முடியிற வரைக்கும் உங்க வீட்டுக்காரர் என் கடைத் தெருவுலகூட நடக்கக்கூடாது. அவர் மூஞ்சி கண்ணாடியில தெரிஞ்சா ஆர்டர் கேன்சல்."

"நடக்க மாட்டார்."

"எதிர்ப்பக்கமும் நடக்கக்கூடாது."

கல்யாண நாள் வந்தது. ஃபுல்வியோ விடியற்காலையிலேயே கட்டி, காகிதத்தில் சுற்றி, லொரெட்டா அனுப்பிய துணிக் கூடைகளில் அடுக்கி, தன் ரொட்டி வேனிலேயே ஏற்றிவிட்டார். வேனோடு காவலுக்குப் போன ஆள் உம்பர்ட்டோ. நேராக ஹாலுக்குப் போயிருக்கலாம். ஹால் சாவி சாமியாரிடம். சாமியார் பூசையில். ஆகவே வேன் கோயில் வாசலிலேயே நின்றது.

கோயிலுக்குள் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. மகளைப் பீடம் வரை அழைத்துப் போன ஆல்டோ பார்க்க ஒரு வெளிநாட்டுத் தூதரைப் போல் இருந்தார். சாமியாருக்கு ஆல்டோ மேல் பழைய கணக்கு பாக்கி இருந்ததோ என்னவோ, பிரசங்கம் வெகு நேரம் நீண்டது.

பூசை முடிந்து, ஹாலின் படிக்கட்டில் கூடைகளை இறக்கும்போது லொரெட்டாவின் குரல் கேட்டது.

"அட பாவி! இந்தக் கூடை என்ன இப்படிக் குழிஞ்சு கிடக்கு? இதும் மேலயா உட்கார்ந்த?"

"வேன்ல சீட்டு எங்கக்கா இருக்கு? நின்னுக்கிட்டா இருக்க முடியும்? பூசை வேற முடிவேனாங்குது."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல இது படக்கூடாது. நம்ம மேஜையில கொண்டுபோய்க் கொட்டு. நம்மாளுங்க தின்னு தொலைக்கட்டும்."

ஆல்டோ அப்போது உள்ளே மகளோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். இது எதுவும் அவர் காதில் விழவில்லை.

பந்துக் கல்யாணம் தொடங்கியது. முதலில் தயங்கிய ஹார்ட்ஃபோர்டுக்காரர்கள், ஒரு சலாமி தலைக்கு மேல் போனதும் தேறிவிட்டார்கள். வாரன் ஒரு கையால் பிடித்தான், ஹால் கைதட்டியது. ஆல்டோ குடும்ப மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே உம்பர்ட்டோ.

"என்ன மச்சான், பக்கத்து மேஜையில சீஸை கறிக்கு மேல வெச்சிருக்கான்னு பேசிக்கிறாங்க?"

ஆல்டோ தண்ணீர் குடித்தார்.

"ரொட்டியில எள்ளே இல்லயாமே?"

ஆல்டோ இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா, நல்ல மனிதர், பாதி தின்ற ஹோகியைக் கையில் பிடித்தபடி அவரிடமே வந்தார். "உங்க ஊர் கிரைண்டர் பிரமாதங்க. கொஞ்சம் மயோனெய்ஸ் மட்டும் இருந்தா இன்னும் நல்லாயிருக்கும். கிடைக்குமா?"

மேஜை அடங்கியது. அடுத்த மேஜையும் அடங்கியது. உம்பர்ட்டோ டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கத் தயாரானார். ஹாலின் மறுகோடியில் ரெனாட்டா கையிலிருந்த கிளாஸை மெல்ல மேஜையில் வைத்துவிட்டு அப்பாவையே பார்த்தாள். இருபது வருடத்துக்கு முன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அதே முகம்.

ஆல்டோ எழுந்தார். சமையலறைக்குள் போனார். உள்ளே எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் மயோனெய்ஸ் பாட்டில் இருந்தது. மூடியைத் தானே திறந்து, கரண்டியோடு பெரியப்பாவின் முன்னால் வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மச்சான்," என்றார் உம்பர்ட்டோ, உண்மையிலேயே பயந்துபோய், "உடம்புக்கு ஒண்ணுமில்லயே? இந்தா, இதைத் தின்னு." மேஜையிலிருந்து ஒன்றை எடுத்து வீசினார். அது ஆல்டோவின் நெஞ்சில் மோதி மடியில் விழுந்தது.

காகிதத்தைப் பிரித்தார். சப்பையாக இருந்தது. எள்ளெல்லாம் ரொட்டித் தோலுக்குள் புதைந்திருந்தது. எண்ணெய் சொட்டவில்லை, எங்கே போனதென்றே தெரியவில்லை. கறியும் சீஸும் எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கட்டிக்கொண்டு கிடந்தன. பசிக்கு ஏதோ என்று கடித்தார்.

பிறகு அவர் தாடை அப்படியே நின்றுபோனது.

முப்பது வருடத்துக்கு முந்தைய ஹாலும், பழைய பேண்டு வாத்தியமும், தோளில் சாய்ந்த லொரெட்டாவின் தலையும் வாய்க்குள் வந்து உட்கார்ந்தன. இன்னொரு கடி கடித்தார். அதேதான். சந்தேகமே இல்லை. எழுந்து மாப்பிள்ளை வீட்டார் மேஜைக்குப் போய், சப்பையாகாத ஒன்றை எடுத்து வந்து கடித்தார். அது இல்லை. நல்ல ஹோகிதான், ஆனால் அது இல்லை. மறுபடி சப்பையானதைக் கடித்தார். அது! ஒரே கடை, ஒரே ரொட்டி, ஒரே கறி. கண்களை அகல விரித்து உம்பர்ட்டோவைப் பார்த்து, கையிலிருந்ததைக் காட்டிக் காட்டி, புருவத்தால் கேட்டார்.

"என்ன முறைக்கிற? நசுங்கிடுச்சுன்னா? பூசை முழுக்க அந்தக் கூடை மேலதான் உட்கார்ந்திருந்தேன், என்ன பண்ணச் சொல்ற? இது என்ன புதுசா? உன் கல்யாணத்துக்கே நான் உட்கார்ந்து வந்த கூடைதான் உங்க மேஜைக்கு வந்துச்சு. அப்பவும் அக்காகிட்ட அடி வாங்கினேன்."

ஆல்டோ மேஜையைப் பிடித்துக்கொண்டார். சீஸ் இல்லை. எண்ணெய் இல்லை. ஸ்கால்ஸோவே இல்லை. இத்தாலியில், ஒன்பதாம் தெருவில் இல்லாமல் போன அந்த ஒரே சரக்கு, எதிரே இரண்டு நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காகிதத்தில் சுற்றி, கனமான ஆளைக் கொண்டு, ஒரு பூசை நேரம் அமுக்கி வைக்க வேண்டிய பண்டத்தை, சுற்றாதே சுற்றாதே என்று கடை கடையாகக் கத்தியிருக்கிறார். செத்துப்போன ஸ்கால்ஸோவின் முகம் நினைவுக்கு வந்தது. 'அதேதான்' என்று அந்த மனிதர் எத்தனை தடவை சொன்னார்!

இதை எழுந்து நின்று ஊருக்கே அறிவிக்க வேண்டும். ஹாலே கேட்கிற மாதிரி. ஆல்டோ வாயைத் திறந்தார்.

பேண்டு வாத்தியக்காரர் மைக்கைத் தட்டினார். "அடுத்தது, அப்பா பொண்ணு டான்ஸ்!"

ரெனாட்டா நடு ஹாலில் வந்து நின்றாள். உம்பர்ட்டோவையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். ஆல்டோ திறந்த வாயை மூடினார். வாயிலிருந்ததை விழுங்கினார். துடைத்துக்கொண்டு போய் மகளின் கையைப் பிடித்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று. நிலவறைகளில் பழகியது வீண்போகவில்லை. முதல் சுற்றிலேயே அவர் கண்ணில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. பெண்களெல்லாம் கைக்குட்டையைத் தேடினார்கள். "பாரேன், வாய்தான் அப்படி. மனுஷனுக்குப் பொண்ணு மேல எவ்வளவு பாசம்!" என்றாள் ஒருத்தி. அதுவும் இருந்திருக்கலாம். இல்லையென்று சொல்ல முடியாது.

"ஏம்பா அழற?" என்றாள் ரெனாட்டா காதருகில்.

ஹோகி ரகசியம் ஆல்டோவின் தொண்டை வரை வந்தது.

"என்னப்பா? சொல்லு."

"நீ... ரொம்ப அழகா இருக்கம்மா."

ரெனாட்டா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவளும் அழுதாள். பாட்டு முடிந்தபோது ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. உம்பர்ட்டோ பாலிஷ் போட்ட ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

மணமக்களைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஹால் கதவுக்கு வெளியே இரண்டு காலையும் வைத்த மறுகணம் ஆல்டோ லொரெட்டாவின் தோளைப் பிடித்து உலுக்கி, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். லொரெட்டா முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப, என் தம்பி உட்கார்ந்த சூட்டையா முப்பது வருஷமா ஊரெல்லாம் தேடிக்கிட்டு இருந்த?"

"சூடு இல்ல லொரெட்டா. எடை."

"பெரிய வித்தியாசம்."

அடுத்த வாரம் ஃபுல்வியோ கடையின் கதவு திறந்தது. வந்தவரைப் பார்த்து ஃபுல்வியோ கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒரு ஹோகி," என்றார் ஆல்டோ. "நல்லா இறுக்கமா காகிதத்துல சுத்திக் குடு."

"சுத்தியா? இங்கயே நின்னு தின்ன மாட்டியா?"

"மாட்டேன்."

ஃபுல்வியோ சுற்றிக் கொடுத்தார். ஆல்டோ வாங்கிக்கொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்து, தோளைத் தட்டினார். "உன் மேல தப்பில்லய்யா. நீ ஒல்லி." போய்விட்டார். ஃபுல்வியோ அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதற்கு அர்த்தம் கேட்டார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உம்பர்ட்டோவுக்கு மரினுச்சி வீட்டில் விருந்து. கூடத்தில் இருப்பதிலேயே நல்ல நாற்காலி அவருக்கு. அதன் மேல் ஹோகிப் பொட்டலங்கள், பொட்டலத்தின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் மெத்தை. மெத்தையின் மேல் அவர், கையில் பேப்பர். லொரெட்டா எத்தனை முறை திட்டினாலும் ஆல்டோ எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவரைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மச்சான்," என்பார் உம்பர்ட்டோ, விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டியபடி, "பாத்ரூம் போய்ட்டு வரட்டுமா?"

"மொத்தப் பேப்பரையும் படி. அசையாத."